செவலை கட்டிய அபராதம்

கண்டிக்கு மேலே ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, மோட்டார் கார் வாங்கிய மாதமே தன் குதிரையை விற்றுவிட்டார். ஏழு வருசமாக அந்தக் குதிரைக்குத் தண்ணீர் காட்டி, உடம்பு தேய்த்து, துரை ஏறும்போது கடிவாளத்தைப் பிடித்து நின்றவன் அழகர். அவனிடம் யாரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கண்டியிலிருந்து கபிரியேல் வந்தான், கயிற்றை வாங்கினான், போய்விட்டான். கண்டி ரயில் ஸ்டேசனடியில் மூன்று வாடகைக் குதிரைவண்டி விட்டுப் பிழைப்பவன் அவன். வளைவு மறைக்கும்வரை குதிரை மூன்று தடவை திரும்பிப் பார்த்தது. இதைத் தொழிலாளர் லயத்தில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அழகர் தன் மனைவி அழகம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

துரை அந்தக் குதிரைக்கு இங்கிலீசில் ஏதோ பெயர் வைத்திருந்தார். அழகருக்கு அது செவலை. நிறம் அப்படி.

கங்காணி அவனைப் புல்வெட்டுக்கு அனுப்பினார். வேலை கஷ்டமில்லை. ஆனால் விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். கொள்ளு ஊறப்போட எழுந்து காலை ஊன்றிய பிறகுதான் லாயம் காலியாகக் கிடப்பது நினைவுக்கு வரும். மறுபடி படுக்கவும் மனம் வராது. வாசலில் குந்தியிருப்பான்.

“புள்ளையப் பறிகொடுத்தவன் மாதிரி இருக்கீங்களே” என்றாள் அழகம்மா. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சொன்ன பிறகு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மலையிறங்கி ஸ்டேசனுக்குப் போனான். முதல் தடவை செவலை அவனைத் தூரத்திலேயே மோந்து பிடித்துக் காலைத் தட்டியது. அவன் மடியிலிருந்து சக்கரைத் துண்டை எடுத்து உள்ளங்கையில் நீட்டினான். அந்தச் சூடான மூச்சு கையில் பட்டதும் அவனுக்குக் கண் கலங்கியது. வாரம் முழுக்க அந்த மூச்சை நினைத்துக்கொண்டே புல் வெட்டினான்.

மூன்றாவது மாதம் குதிரையின் விலா எலும்பு தெரிந்தது. முன்னங்கால் ஒன்றைத் தரையில் முழுசாக ஊன்றவில்லை. கழுத்துப்பட்டைக்குக் கீழே ஏதோ கறுப்பாகத் தெரிய, அழகர் விரலால் தொட்டான். புண். வெளியே தெரியாமலிருக்க எண்ணெயில் கரி குழைத்துப் பூசியிருந்தது. அன்றைக்கே, நாலு வெள்ளைக்காரர்களும் அவர்களுடைய பெட்டிகளும் ஏறிய வண்டியை இழுத்து ஏற்றத்தில் நின்றுவிட்ட செவலையைக் கபிரியேல் சவுக்கின் அடிக்கட்டையால் காலிலேயே அடித்தான்.

“அடிக்காதீங்க மொதலாளி. கால் நோவுதுங்க அதுக்கு. லாடம் கழண்டிருக்கு” என்றான் அழகர்.

“நீ யாருடா? விலை குடுத்து வாங்குனவன் நான். ஓம் மலைக்குப் போ” என்றான் கபிரியேல்.

அழகர் மலைக்குப் போகவில்லை. பொலிஸ் ஸ்டேசனுக்குப் போனான். கூடவே மஹ்மூத் நானாவும் போனார். ரயில் ஸ்டேசனுக்கு எதிரில் கொள்ளும் தவிடும் விற்கும் கடை அவருடையது. தோட்டத்துக் குதிரைக்கு ஏழு வருசமாகக் கொள்ளு வாங்கியதில் அழகருக்கு அவர் பழக்கம்.

“நான் கண்டதச் சொல்லுவன். நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வாணாம்” என்றார் மஹ்மூத்.

வழக்கு நீதவானுக்கு முன்னால் வந்தது. அழகர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனான். கோட்டில் பரமநாதன் என்ற யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர், ஒல்லியான மனிதர், அவன் சொன்னதையெல்லாம் இங்கிலீசில் சொன்னார். கபிரியேல் குற்றத்தை ஒத்துக்கொண்டான். ஐந்து ரூபா அபராதம். எல்லாம் ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரத்துக்குள் முடிந்தது.

அழகர் கூண்டைவிட்டு இறங்கவில்லை. “ஐயா, அப்ப குதிரை?” என்று கேட்டான்.

பரமநாதன் நீதவானிடம் ஏதோ கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “குதிரை அவன்ரை சொத்து. இந்தக் குற்றத்துக்குச் சட்டம் குடுக்கிற தண்டனை இவ்வளவுதான். குதிரையைப் பறிக்க இதிலை வழியில்லை. நீ இறங்கு.”

அழகருக்கு அது விளங்கவே இல்லை. அடித்தது குற்றம் என்று கோட்டே சொல்லிவிட்டது. பிறகு எப்படி அடித்தவனிடமே திருப்பி அனுப்புவார்கள்? அன்று பின்னேர ரயிலுக்குச் செவலை வண்டியில் பூட்டி நின்றது. கபிரியேல் அவனைப் பார்த்துச் சிரித்தான்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு வழக்கு. இந்தத் தடவை பத்து ரூபா. கபிரியேல் மடியில் தயாராகவே கொண்டுவந்திருந்தான். மூன்றாவது தடவை அழகர் பொலிசுக்குப் போகப் புறப்பட்டபோது மஹ்மூத் அவனைக் கடைக்குள் கூப்பிட்டு ஒரு சாக்கின் மேல் உட்காரவைத்தார்.

“ஒரு விசயம் சொல்றன், கோவிச்சுக்கொள்ள வாணாம். மொத வழக்குக்குப் பொறகு கபிரியேல் எனக்கிட்ட வாங்குற கொள்ளப் பாதியாக் கொறச்சான். ரெண்டாவதுக்குப் பொறகு வரவே இல்ல. வேற கடையிலயும் வாங்குறல்ல, நான் விசாரிச்சன். ரோட்டோரத்துப் புல்லுதானாம். கோட்டுல கட்டுற காசு அவன்ட கையால போகல்ல, அழகர். அந்தச் சீவன்ட வயித்தால போகுது.”

கடை வாசலில் வண்டிகள் போவதும் வருவதுமாக இருந்தன. தான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போய்ச் செய்தது இதுதானா என்று அழகர் யோசித்தான். பிறகு எழுந்து, பொலிஸ் ஸ்டேசன் பக்கம் போகாமல், டவுனில் கட்டுக்கலைப் பக்கம் இருந்த கபிரியேலின் கொட்டிலுக்கு நடந்தான்.

“ஒங்க குதிரைக்காரன் வேலைய விட்டு நின்னுட்டானாமே, மொதலாளி” என்றான்.

“அதுக்கு?”

“நான் பாக்குறேன். சாப்பாடும், படுக்க எடமும் போதும். சம்பளம் நீங்க பாத்துக் குடுக்குறது.”

கபிரியேல் அவனை மேலும் கீழும் பார்த்தான். தன்னை இரண்டு தடவை கோட்டுக்கு இழுத்தவன் வாசலில் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது அவனுக்குப் பிடித்திருந்தது.

“பொலிஸ் வாசல மிதிக்கப்படாது. என் கண்ணு முன்னாடி ஒரு பேச்சுப் பேசப்படாது. சம்மதமா?”

“சம்மதங்க.”

தோட்டத்து வேலையிலிருந்து விலகப் பற்றுச்சீட்டு வாங்கப் போனபோது கங்காணி அவனுக்குப் பைத்தியம் என்றார். அழகம்மா அவனுடைய கம்பளியை மடித்தாள். கொழுந்து பறிக்கிற வேலையை விட்டுவிட்டு அவளால் டவுனுக்கு வர முடியாது. வந்தாலும் கொட்டிலில் ஒருவர் படுக்கத்தான் இடம்.

“என்னைய விட அதுதான் பெருசாப் போச்சு” என்றாள் கடைசியில்.

“ஒனக்கு நோவுன்னா நீ சொல்லுவ, புள்ள. அது யாருகிட்ட சொல்லும்?”

அவள் கம்பளியை நீட்டினாள். அதன் மடிப்புக்குள் சக்கரைத் துண்டுகள் சுற்றியிருந்ததைக் கட்டுக்கலைக்குப் போய் அவிழ்த்தபோதுதான் பார்த்தான்.

அதற்குப் பிறகு இரண்டரை வருசம். அழகர் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுப் புண்ணை ஆற்றினான். தன் சம்பளத்தில் மஹ்மூத்திடம் கொள்ளு வாங்கினான். மஹ்மூத் எப்போதும் படியைக் குவித்தே அளந்தார். வண்டியை அழகரே ஓட்டி, ஏற்றங்களில் இறங்கித் தோளால் தள்ளினான். செவலைக்குக் கொஞ்சம் சதை போட்டது. ஆனாலும் சில நாள் கபிரியேலே சாரதி ஆசனத்தில் ஏறுவான், சவுக்கை எடுப்பான். அப்போது அழகர் கொடுத்த வாக்கை நினைத்து முன்னால் போய்க் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, குதிரையின் காதோரம் ஏதாவது சொல்லிக்கொண்டே நடப்பான். ஒவ்வொரு அடிக்கும் குதிரையின் தோல் சிலிர்ப்பது அவன் கைக்குத் தெரியும்.

இப்போது ஏக்கம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வெள்ளைக்காரர் கண்டி வாவியைச் சுற்ற வண்டி கேட்பார்கள். அதனால் தோட்டத்துக்குப் போக மாதத்தில் ஒரு நாள் கிடைத்தால் பெரிது. மழை விட்டு மலை தெளிந்த பின்னேரங்களில், ஸ்டேசனடியில் நின்றபடி ஹந்தானையைப் பார்ப்பான். கொழுந்து நிறுக்கிற நேரம், இப்போது அவள் கூடையை இறக்கியிருப்பாள், இப்போது அடுப்பு மூட்டியிருப்பாள் என்று மனதுக்குள்ளே அவள் பின்னாலேயே போவான். குதிரை அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கும்.

ஒருநாள் பேராதனைக்குப் போக ஒரு சவாரி வந்தது. ஏறியவர் பரமநாதன். பாதி வழியில்தான் அவர் அழகரை அடையாளம் கண்டார்.

“நீயல்லோ வழக்குப் போட்ட ஆள்? இவனிட்டையே வேலைக்கு நிக்கிறாய்?”

“ஓமுங்க ஐயா.”

பரமநாதன் முன்னால் போகிற குதிரையைப் பார்த்தார். “அபராதம் காணாது எண்டு எங்களுக்கும் தெரியும். சட்டத்தைத் திருத்தச் சொல்லி ஆக்கள் மனு எழுதியிருக்கினம். நானும் கையெழுத்து வைச்சனான்” என்றார்.

“மாத்துவாங்களா ஐயா?”

“மாத்துவினம். ஆனா காலம் எடுக்கும்.”

“அவ்வளவு காலம் இதுக்கு இல்லீங்களே” என்றான் அழகர். அவன் குறையாகச் சொல்லவில்லை. பதினேழு வயதுக் குதிரை அது. பரமநாதன் இறங்கியதும் குதிரையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். பழக்கமில்லாததால் பாதியிலேயே எடுத்துக்கொண்டார்.

அந்த மார்கழியில் மழை விடாமல் பெய்தது. ஒரு காலை செவலை எழும்பவில்லை. பத்து மணி ரயிலுக்கு ஒரு துரை குடும்பம் வருவதாக இருந்தது. கபிரியேல் சவுக்கோடு வந்து கொட்டில் வாசலில் நின்றான். அழகர் எழுந்து வாசலை மறித்தான்.

“இன்னைக்கு எழும்பாதுங்க.”

“தள்ளுடா.”

“தள்ள மாட்டேங்க, மொதலாளி. என்னைய அடிச்சிட்டுப் போங்க.”

கபிரியேல் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். வைக்கோலில் கிடந்த தலையையும், ஏறி இறங்குகிற வயிற்றையும் பார்த்தான். என்ன நினைத்தானோ, சவுக்கைச் சுவரில் மாட்டிவிட்டு மற்றக் குதிரைகளில் ஒன்றைப் பூட்டப் போனான். பின்னேரம் அவனே ஒரு படி கொள்ளு வாங்கிவந்து, வாசலில் வைத்துவிட்டுப் போனான். செவலை அதைத் தின்னவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், அழகரின் மடியில் தலை இருக்க, அதன் மூச்சு நின்றது.

அழகர் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு மலையேறினான். அழகம்மா லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவன் ஒரு நாளுக்கா, நிரந்தரமாகவா வருகிறான் என்பது அவன் கையிலிருந்த மூட்டையைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்தது.

“போயிருச்சா?”

“போயிருச்சு.”

அவள் கோடரியைக் கீழே போட்டாள். “என்னைய ஒரு தடவையாவது கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டியிருக்கலாம்” என்றாள். “இங்க லாயத்துல இருந்தப்பகூடப் பக்கத்துல நின்னு ஒருநாளும் தொட்டதில்ல நான்.”

அழகர் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். அது எப்படித் தண்ணீர் குடிக்கும், எந்தக் காதை முதலில் ஆட்டும், நெற்றியில் எந்த இடத்தில் தடவினால் கண்ணை மூடும் என்று சொல்ல ஆரம்பித்தான். அவள் விறகை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.