எண்ணெய் போட்ட பெல்ட்

புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். நஞ்சப்பன். சொல்லிவிட்டேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறார்.

எருத்தேன்பதியில் எங்கள் பக்கம் முதன்முதலாக மொபெட் வாங்கியவர் அவர்தான். ஆனால் மொபெட் என்று சொல்லிவிடக் கூடாது, முகம் சுண்டிப்போகும். ஸ்கூட்டர் என்று சொல்ல வேண்டும். எந்த ஸ்கூட்டருக்கு சைக்கிள் மாதிரி பெடல் இருக்கிறது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை. மறுநாள் அதையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

அந்த வண்டியின் பெல்ட்தான் அறுந்தது. மெஷினின் ஓட்டத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ரப்பர் வார் அது. தானும் ஏறி, பின்னால் புண்ணாக்கு மூட்டையையும் ஏற்றினால் எருமைக்கே இடுப்பு ஒடியும், ரப்பர் என்ன செய்யும்? பொள்ளாச்சியில் இருக்கும் என் அண்ணன் சென்னிமலைக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் புது பெல்ட் வாங்கி, காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். அது வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் கடலை போட்டிருந்த எங்கள் காட்டுக்கு வாய்க்கால் தண்ணீர் முறை.

எனக்குக் கடலைக்காட்டு நினைப்புதான். காய் பிடிக்கிற சமயம், செடியெல்லாம் சுருண்டு கிடந்தது. இன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் அடுத்த முறை வருவதற்குள் கருகிப்போகும். விதை போட்டதும் களை வெட்டியதும் நான். வரப்பில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தது அவர்.

எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. உச்சிப்பொழுதில் முறை மாறும்போது, காட்டுக்காரன் மண்வெட்டியோடு மடையில் நின்று "எங்க முறை" என்று வாயால் சொல்ல வேண்டும். அவன் வராவிட்டால் அடுத்த காட்டுக்காரன் தண்ணீரைத் திருப்பிக்கொள்ளலாம். பொம்பளை நின்றால் நின்ற கணக்கில் வராது. அடுத்த காடு குப்பண்ணனுடையது. அவர் கொக்கு மாதிரி காத்திருப்பார்.

"ஏனுங்க, நடந்தே போயிருங்க. பெல்ட்ட வந்து மாத்திக்கலாம்" என்றேன்.

"ஸ்கூட்டரு வெச்சிருக்கறவன் மம்பட்டியத் தோள்ல போட்டுட்டு நடந்து போனா குப்பண்ணன் சிரிக்கமாட்டானா?" என்றார்.

பெல்ட் மாட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மூடியைக் கழற்றி, முன் உருளையிலும் பின் உருளையிலும் மாட்டினால் தீர்ந்தது. அப்படியே மாட்டச் சொன்னார் உங்கள் அண்ணன் என்று கண்டக்டர்கூட சொல்லிவிட்டுத்தான் போனார். இவரோ அடுக்களைக்குள் புகுந்து விளக்கெண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அதெதுக்குங்க?"

"புது வாருக்கு எண்ணெய் போடாம பூட்டுவாங்களா? வெடிச்சுப்போயிரும் புள்ள. எங்கய்யன் கவலை எறைக்கறப்ப நான் பாத்ததில்லையா?"

மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்தில் தோல் வாரை எண்ணெயில் ஊறவைத்துத்தான் பூட்டுவார்கள், வாஸ்தவம்.

"இது எந்த மாட்டுத் தோலுங்க?" என்று கேட்டேன்.

"ஸ்கூட்டரப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

வழிய வழியப் பூசினார். ஊறட்டும் என்று வெயிலில் வேறு தொங்கவிட்டார். வெயில் ஏறிக்கொண்டே போனது.

ஒருவழியாக மாட்டி முடித்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியபடியே ஓட்டிக் காட்டினார். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது. "பாத்தியா, வெண்ணெயாட்டம் ஓடுது!" என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு மண்வெட்டியைப் பின்னால் கட்டி, ஸ்டாண்டை எடுத்து, வேட்டியை மடித்து ஏறி உட்கார்ந்தார். மெஷின் கத்தியது, வண்டி நகரவில்லை. பாரம் ஏறியதும் பெல்ட் எண்ணெயில் வழுக்க, உருளை சும்மா சுற்றியது. இன்னும் முறுக்கினார். புகைதான் வந்தது.

"பெடலப் போடுங்க, சைக்கிளாட்டம் போகும்!" என்று கத்தினேன்.

"ஸ்கூட்டருக்கு எவனாச்சும் பெடல் போடுவானா?"

இந்த மனிதரோடு இனி என்ன பேச்சு? கட்டியிருந்த மண்வெட்டியை உருவிக்கொண்டு ஓடினேன்.

மடையில் குப்பண்ணன் நின்றிருந்தார். "என்ன அம்மிணி, ஊட்டுக்காரரக் காணமுங்க?"

"பின்னாலயே வர்றாருங்ணா" என்று சொல்லிக்கொண்டே எங்கள் மடையை வெட்டித் திறந்தேன். தண்ணீர் கடலைக்காட்டுக்குள் பாய்ந்தது.

"நஞ்சப்பன் வந்து வாயால சொல்லோணும் அம்மிணி. இல்லாட்டி நான் அடைச்சுப்போடுவேன்."

சற்று நேரத்தில் வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரிப் பாதையில் ஒரு மாட்டுவண்டி வந்தது. மேலே மொபெட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பக்கத்தில், உற்சவச் சாமி மாதிரி, என் வீட்டுக்காரர். எனக்கு உயிர் வந்தது. இரண்டே வார்த்தை சொன்னால் போதும்.

குப்பண்ணன் சிரித்தார். "என்னப்பா நஞ்சப்பா, ஸ்கூட்டரு மேல நீ வருவீன்னு பாத்தா, ஸ்கூட்டரும் நீயும் மாட்டுவண்டி மேல வர்றீங்க? படுத்துக்கிச்சா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் இவர், வேட்டியைத் தட்டிக்கொண்டே. "இந்த முறைத் தண்ணிய உங்களுக்கே உட்றலாம்னு இருந்தனுங்க. அதான் அவசரப்படாம வந்தேன்."

பெல்ட் வழுக்கியது என்று சொல்ல வெட்கப்பட்டுக் கடலைக்காட்டையே தானம் பண்ணிவிட்டார்! மானம் போகக் கூடாதாம், மகசூல் போகலாமாம். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

குப்பண்ணன் மண்ணை வெட்டிக்கொண்டு மடையை அடைக்க வந்தார். நான் மடைவாயிலேயே இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டேன்.

"அவருதான் உட்டுக் குடுத்துட்டாருல்ல, நகருங்க அம்மிணி."

"அவரு குடுத்தாருங்ணா, நான் குடுக்கலீங்க. அடைக்கோணும்னா என்ற காலோட சேத்து அடைச்சுக்குங்க."

அடுத்தவன் பெண்டாட்டியைத் தொட்டு இழுக்க முடியுமா, காலில் மண்ணைக் கொட்டத்தான் முடியுமா? பொம்பளை நின்றால் கணக்கில்லை என்று வழக்கம் போட்டவர்கள், நிற்கிற பொம்பளையை எப்படி நகர்த்துவது என்று சொல்லி வைக்கவில்லை. குப்பண்ணன் என் புருஷனைப் பார்த்தார். என் புருஷன் மொபெட்டைப் பார்த்தார். கடைசிச் செடி நனைகிற வரைக்கும் நான் அசையவில்லை.

கடலை பிடுங்குகிற அன்றைக்கு வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து, ஆட்கள் நடுவில் நின்று ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தார். கொத்துக் கொத்தாகக் காய்.

"பாத்தீங்களா? அன்னிக்கு நாந்தான் இவள மடையில நிக்கச் சொன்னேன்" என்றார்.

நான் அப்போதுதான் பிடுங்கிய செடியை, ஈரமண்ணோடு, அந்த வேட்டிமேல் நன்றாக உதறினேன்.