கண்ணாடிக்காரர் ஒட்டிய குடை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. என் மூக்குக்கண்ணாடியின் வலது கால் உடைந்ததால் கிடைத்தது. பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில் கண்ணாடிக்காரரே சொன்னார். "எழுதிக்கோங்க. ஆனா என்னை ரொம்ப அசடாக் காட்டிடாதீங்க" என்றார். அந்த ஒரு நிபந்தனையைத்தான் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

தொடக்கம் மூன்று முறை எழுதினேன்.

"கடல் இல்லாத ஊரில், ஒரு வீட்டின் கூடத்தில், மூன்றடி நீளத்தில் ஒரு கடல்…" (அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.)

"பவளம் என்றால் கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் மென்பவளம் என்று ஓர் இனம்…" (யாரோ பரீட்சை வைக்கப்போவதுபோல.)

"அவள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவாள்."

இது போதும். இங்கிருந்தே போகலாம்.

2

அவள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவாள். பதினொரு வயதில் தலைவலி என்று அம்மாவோடு அவர் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்தவள். "கடைசி வரி தெரியுதாம்மா?" என்று கேட்டார். "தெரியல சார்" என்றாள். இரண்டு வருடம் கழித்து அவள் அம்மாவும் கண்ணாடிக்காரரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். வீடு மாறியது, பள்ளிக்கூடம் மாறியது, "சார்" மட்டும் மாறவில்லை. "சார், சாப்பாடு ரெடி." "சார், துண்டு கொடியில இருக்கு." எதிர்வீட்டுக்காரர் ரொம்ப நாள் அவரை அந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர் என்றே நினைத்திருந்தார்.

இப்படி எட்டு வருடம். இப்போது அந்த மகளுக்கு* இருபத்தொன்று.

(* மகள் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். அவர் கடையில் கதை சொன்னபோது ஓரிடத்தில்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "நம்ம வீட்டுப் பொண்ணு" என்றார்.)

3

கூடத்துத் தொட்டி அவளுடையது. உப்புத் தண்ணீர், நான்கு மீன், ஒரு நத்தை, நடுவில் குடை. குடை என்பது அந்த மென்பவளத்துக்கு அவள் வைத்த பெயர். காளான் மாதிரி ஒரு தண்டு, மேலே விரிந்த தட்டு, காது மடலைப் போன்ற மெத்தென்ற சதை. தட்டு முழுக்கக் குட்டி விரல்கள் தண்ணீரில் ஆடும். நகமளவு துண்டாக வாங்கி வந்து நான்கு வருடத்தில் சாப்பாட்டுத் தட்டளவுக்கு வளர்த்திருந்தாள்.

வேலை கிடைத்து மூன்று வாரப் பயிற்சிக்குக் கிளம்பினாள். முடித்துத் திரும்பி வந்து, அதன்பின் வேலைக்கு வெளியூர் போக வேண்டும். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சார், தண்ணி குறைஞ்சா ஊத்துங்க. மீனுக்கு ஒரு சிட்டிகை போடுங்க. வேற எதையும் தொடாதீங்க."

சார் முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தார்.

மூன்றாவதை மீறியதற்குக் காரணம் இருந்தது. குடையின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிச் சின்னக் கல்லில் ஒட்டிக் கொடுத்தால், போகிற ஊரில் ஒரு சின்னத் தொட்டியில் அவள் வளர்த்துக்கொள்வாள் அல்லவா? தொட்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அவள் அதைச் செய்து அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒட்டுகிற வேலையைப் பற்றி ஒரு கண்ணாடிக்காரருக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

4

இரண்டாம் நாள், புது பிளேடால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு. லென்ஸ் துடைக்கும் துணியால் அதைப் பதமாகத் துடைத்தார் (இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது). கல்லில் பசை வைத்து அழுத்திப் பத்து வரை எண்ணித் தொட்டிக்குள் இறக்கினார். காலையில் பார்த்தால் கல்லில் பசை இருந்தது, பசையின்மேல் மெல்லிய தோல் இருந்தது, துண்டு மட்டும் தொட்டியின் அடியில் கிடந்தது. அது வழவழவென்று கோழை சுரக்கிற ஜீவன். பசை கோழையைத்தான் பிடித்திருக்கிறது.

சரி, கட்டிவிடலாம் என்று அரைச்சட்டக் கண்ணாடியில் லென்ஸைத் தாங்குகிற நைலான் நூலை எடுத்தார். லென்ஸ் ஆடக்கூடாது என்று எப்படி இழுப்பாரோ அப்படி இழுத்து முடிச்சுப் போட்டார். சாயங்காலத்துக்குள் நூல் சதையை அறுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிட்டது. ஒரு பாதி மணலில் கிடந்தது. மறு பாதி எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

(இங்கே ஒரு வாரம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். தினமும் நூல் கட்டுகிற மனிதர் இப்படியா கட்டுவார்? நம்பும்படியாக இல்லையே. கண்ணாடி நன்றாக இருந்தும் மறுபடி கடைக்குப் போய்க் கேட்டேன். "கைப்பழக்கம்" என்றார். பிறகு ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "லென்ஸுக்கு வலிக்காதே" என்றார். இந்த வரியை நான் ஏழு ஜென்மத்திலும் யோசித்திருக்க மாட்டேன்.)

5

தாய்க்குடை விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. நாளாக ஆகச் சுருங்கி, மெழுகு பூசியதுபோலப் பழுப்பேறி நின்றது. தினமும் சாயங்காலம் வீடியோ அழைப்பு வரும்.

"சார், குடையக் காட்டுங்க."

"லைட்டு அணைஞ்சிருச்சும்மா."

மறுநாள், "தொட்டிக் கண்ணாடி அழுக்கா இருக்கு, தொடைச்சிட்டுக் காட்டறேன்" என்றார். அழைப்பு முடிந்ததும் மனைவி, "ஏங்க, கண்ணாடிக்காரர் வீட்டுல கண்ணாடி அழுக்குன்னா யாருங்க நம்புவா?" என்று கேட்டாள்.

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயம் பவளத்துக்காக மட்டுமல்ல. எட்டு வருடத்தில் அவள் அவரை நம்பி விட்டுவிட்டுப் போன முதல் பொருள் அது. அது செத்துவிட்டால் இருக்கிற "சார்"கூட மிஞ்சாது என்று நினைத்தார். என்னிடம் இதை நேராகவே சொன்னார்.

ஐந்தாம் நாள் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்குப் போய், மிஞ்சிய பாதியை என்ன செய்வதென்று கேட்டார். மீன்கடைக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க ஒட்ட வைக்காதீங்கண்ணே" என்றார். "ஒரு கப்புல உடைஞ்ச கல்லப் போட்டு, அதுமேல துண்டச் சும்மா விட்டுட்டு, வாய வலையால மூடிடுங்க. தண்ணி வேகமா ஓடாத மூலையில வைங்க. அதுவாப் பிடிச்சுக்கும். பத்து நாளைக்குத் தொட்டுப் பாக்காம இருக்கணும், அதான் கஷ்டம்."

வெங்காயம் வாங்கிய வலைப்பையைக் கத்தரித்துக் கப்பை மூடினார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

6

முடிவு அ: குடை அழுகிவிடுகிறது. அவள் வந்து ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் கட்டுகிறாள். (ஒரே மூச்சில் எழுதினேன். பத்திரிகைகளுக்குப் பிடித்திருக்கும். ஆனால் நான் அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டியிருக்கிறது.)

முடிவு ஆ: அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "அப்பா" என்று… (இல்லை. பசை அதிகம். காலையில் பார்த்தால் தோல்தான் மிஞ்சும்.)

7

நடந்தது இதுதான்.

சொன்ன தேதிக்கு நான்கு நாள் முன்னதாகவே, ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். கண்ணாடிக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த சோறு கையிலேயே நின்றது. அவள் பையைக்கூட இறக்காமல் தொட்டிமுன் போய் நின்றாள்.

"நான்தான்மா வெட்டினேன்" என்றார்.

"எதுக்கு?"

"போற இடத்துக்கு ஒரு துண்டு எடுத்துட்டுப் போவியேன்னு."

அவள் சட்டைக் கையை மடித்துத் தண்ணீருக்குள் விட்டு, ஓரத்திலிருந்த சின்ன பம்பைக் குடைப்பக்கம் திருப்பினாள். பழுப்பு மெழுகு ஓர் ஓரத்தில் எழும்பியது. புது லென்ஸின்மேல் ஒட்டியிருக்கும் தாளை உரிப்பதுபோல முழுசாகக் கழன்று போயிற்று. உள்ளே பால்நிறத்தில் குடை, துளிகூடக் கெடாமல் இருந்தது.

"சாகல. சட்டை உரிக்குது" என்றாள். "அப்பப்ப இப்படிப் பண்ணும். நான்தான் சொல்லிட்டுப் போக மறந்துட்டேன்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எச்சில் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "இதுக்கா ரெண்டு வாரமா என்னையும் சேர்த்துப் பட்டினி போட்டீங்க" என்றாள். காணாமல் போன பாதியையும் மனைவிதான் முதலில் பார்த்தாள். அது நத்தையின் முதுகில் ஒட்டிக்கொண்டு தொட்டியைச் சுற்றி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது எப்போது என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அப்புறம் அந்தப் பெண் மூலையில் வெங்காய வலை போட்ட கப்பைப் பார்த்தாள். திரும்பி அவரைக் கூப்பிட்டாள்.

எப்படிக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னார். என் கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், இரண்டு தடவை சொன்னார். "சார்" இல்லை என்பதுவரை நான் சொல்லலாம். மேற்கொண்டு நான் அழுத்தி ஒட்டப்போவதில்லை. இடம் விட்டிருக்கிறேன். நீங்களும் பத்து நாளைக்குத் தொடாமல் இருந்து பாருங்கள்.

"[                ], அந்தக் கப்ப இப்படிக் கொண்டாங்க. ஒட்டியிருக்கான்னு பாப்போம்."

கொண்டுபோனார். வலையைப் பிரித்துக் கல்லைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

ஒட்டியிருந்தது.