நிமிடத்துக்கு இரண்டு சொட்டு

தன் வயிற்றைப் பற்றித் தன்னைவிடத் தெரிந்தவர் திருகோணமலையிலேயே இல்லை என்று பேணாட் நினைத்திருந்தார். எழுபத்துநான்காம் ஆண்டு பங்குனி மாதம் வரை அந்த நினைப்பு நன்றாகத்தான் இருந்தது.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் இருபத்திரண்டு வருடமாகப் பம்பு திருத்துகிறவர். குனியாமல் அந்த வேலை நடக்காது. ஆனால் குனிந்த மறுகணமே புளித்த தண்ணீர் தொண்டைவரை ஏறி நெஞ்சு எரிந்தது. இரவில் சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்தபடியே தூங்கி மூன்று வருடமாகிவிட்டது. இப்படியே போனால் கந்தோரில் கடுதாசி அடுக்க விட்டுவிடுவார்கள் என்று நடுங்கினார். கடுதாசிக்கு எண்ணெய் மணம் இல்லையே.

சத்திரசிகிச்சை நிபுணர் சோமசேகரம் எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையில் ஓட்டை பெருத்து, இரைப்பையின் தலைப்பக்கம் மேலே நுழைந்திருந்தது.

“ரெண்டு வழி இருக்கு. விலா எலும்புக்கு இடையால நெஞ்சைத் திறந்து, வயிற்றைக் கீழ இறக்கி ஓட்டையைத் தைக்கலாம். இல்லாட்டி மேல்வயிற்றைத் திறந்து ஓட்டையையும் தைச்சு, இரைப்பையின்ர தலையை உணவுக்குழாயைச் சுத்திக் கொலர் மாதிரிக் கட்டலாம். முதலாவதில சில பேருக்குத் திரும்ப வரும். ரெண்டாவதில கட்டு இறுகினா விழுங்க ஏலாது, வயித்துக் காத்து ஏவறையா வெளிய வரவும் மாட்டாது. யோசிச்சுச் சொல்லுங்கோ.”

யோசிக்கச் சொன்னது டொக்டரின் பிழை. மறுநாளே பேணாட் ஒரு சைக்கிள் ரியூப்பையும் மாப் பையையும் வேலையிடத்துச் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோனார். ரியூப் உணவுக்குழாய், பை இரைப்பை. ஐந்து நாள் பாடம் நடந்தது. யாரும் நிம்மதியாகச் சோறு தின்னவில்லை.

“நெஞ்சு வழி சும்மா பூச்சு வேலை. வால்வு இல்லை. வயித்து வழியில வால்வு இருக்கு” என்று தீர்ப்பும் கொடுத்தார்.

“டொக்டரும் அதைத்தான் சொல்றாரா அண்ணே?” என்று கேட்டார் கூட வேலை செய்யும் தோப்பூர் ஸெய்னுதீன்.

“அவர் ஆளைத் திறக்கிறவர். நான் பம்பைத் திறக்கிறவன். வால்வைப் பற்றி ஆருக்குத் தெரியும்?”

ஸெய்னுதீன் சோற்றைப் பிசைந்தார். எதிர்த்துப் பேசும் தைரியத்தை அவர் போன வருடமே இழந்திருந்தார். பம்பின் தண்டைச் சுற்றி எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் கயிற்றுக்குப் பக்கிங் என்று பெயர். அதை ஸெய்னுதீன் ஒரு சொட்டும் வராதபடி இறுக்கினார். தண்டு சூடேறிக் கருகிப்போனது. பேணாட் அந்தத் தண்டைக் கம்பியில் கட்டிப் பம்பறை வாசலில் தொங்கவிட்டார். போகிற வருகிறவர்களெல்லாம் தட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் வார்டில் மனைவி எல்சி செபமாலையோடு இருந்தாள். ஸெய்னுதீனும் தோடம்பழம் கொண்டு வந்திருந்தார். டொக்டர் வந்ததும் பேணாட் எழுந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் வாய்வீரம் காட்டிய மனிதர் அப்போது கெஞ்சினார்.

“டொக்டர், வயித்து வழிதான். ஆனா நல்லா இறுக்கிக் கட்டுங்கோ. ஒரு சொட்டும் மேல வரக்கூடாது.”

டொக்டர் கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். “பம்பு வேலையெண்டு போட்டிருக்கு. உங்கட பம்பில எப்பிடி இறுக்குவீங்கள்?”

பேணாட் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருடப் பாடம் நாக்கு நுனியில் நின்றது. ஸெய்னுதீனைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை. காது இரண்டும் சுட்டன.

“நிமிசத்துக்கு ரெண்டு சொட்டு ஒழுக வேணும் டொக்டர்” என்றார் ஸெய்னுதீன் தாழ்ந்த குரலில். “இல்லாட்டி தண்டு கருகிடும். அண்ணன்தான் எனக்குப் படிப்பிச்சவர்.”

அந்தக் குரலில் கிண்டல் துளியும் இல்லை. இருந்திருந்தால் பேணாட் கோபித்துக்கொண்டு தப்பியிருப்பார்.

“நானும் அப்பிடித்தான். தடிச்ச குழாய் ஒண்டை உணவுக்குழாய்க்குள்ள விட்டுத்தான் சுத்திக் கட்டுவன். பிறகு குழாயை எடுத்தா இடைவெளி இருக்கும்” என்றார் டொக்டர்.

சத்திரசிகிச்சை முடிந்த எட்டாம் நாள் வீட்டில் பேணாட் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். கஞ்சி குடித்த வயிற்றிலிருந்து சின்னதாய் ஓர் ஏவறை வந்தது. எல்சி பதறி ஓடி வந்தாள்.

“புளிக்குதோப்பா?”

“இல்லை. காத்து மட்டும்தான்” என்றார். கண் கலங்கியதை அவளுக்குக் காட்டாமல் திரும்பிப் படுத்தார்.

மூன்றாம் மாதம் பம்பறைக்குப் போனார். உள்ளே நுழையுமுன் குறடொன்றை எடுத்து வாசலில் தொங்கிய கம்பியை வெட்டினார்.

“கிடக்கட்டும் அண்ணே. எனக்குப் பழகிட்டு” என்றார் ஸெய்னுதீன்.

“எனக்குப் பழகேல்லை” என்ற பேணாட், கருகிய தண்டை எடுக்கக் குனிந்தார். ஒன்றும் மேலே ஏறவில்லை.