தள்ள ஆள் வேண்டாத வண்டி

என் மினிவேனில் பின்சக்கரங்கள் மட்டும்தான் வேலை செய்யும். முன்சக்கரங்கள் சும்மா கூட வரும். நாலையும் வேலை செய்ய வைப்பதற்காக ஒரு பழைய பிக்கப் வண்டியின் முன் அச்சை வாங்கி, மெக்கானிக் நேசையனிடம் கொடுத்தேன்.

கரமனை அக்ரஹாரத்தில் இதைத் துக்கத்தின் அறிகுறி என்று முடிவு செய்தார்கள். பக்கத்து வீட்டு ராமசுப்ரமணியன் மாமா, செகரட்டேரியட்டில் ரிடயரானவர், விசாரிக்க வந்தார்.

"ஆர்.டி.ஓ. பார்த்தா ஃபைன் போடுவான். டாக்டர் பார்த்தா மாத்திரை எழுதுவான். எதுக்குடா மஹேஷ் இது?"

"போணக்காடு ஏத்தம் ஏறணும் மாமா."

என் மனைவி ராஜஸ்ரீ அங்கே மலைமேல் ஒரு ஸ்கூலில் டீச்சர். வாரம் முழுக்க அங்கேயே தங்குவாள். திங்கட்கிழமை நான் கொண்டுபோய் விடுவேன். மழை பெய்தால் அந்த மண் ஏற்றத்தில் சக்கரம் சுழலும். அவள் இறங்கித் தள்ளுவாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி நகராது என்பதால் நான் உச்சிக்குப் போய் நிற்பேன். அவள் நடந்து வந்து ஏறிக்கொள்வாள்.

போன வருஷம் எலிக்காய்ச்சலில் போய்விட்டாள். அவள் மேஜையைக் காலி செய்யச் சொல்லி ஸ்கூலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வண்டி ரெடியாகட்டும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"மலையடிவாரத்துல, வித்துராவில ஜீப் வாடகைக்குக் கிடைக்குமே?" என்றார் மாமா.

"கிடைக்கும்."

"தள்ள ஆள் இல்லேங்கறதுதானே உன் கஷ்டம்? வித்துராவிலயே ஒரு பொண்ணு இருக்கா. கோவாப்பரேடிவ் பேங்க்ல வேலை."

முதல் ஓட்டத்தில் வேன் நின்ற இடத்திலேயே நின்று உறுமியது. நேசையன் குனிந்து பார்த்தார்.

"சாரே, முன்னாடி ரெண்டும் பின்னாடி போகுது."

பொருந்தவில்லையென்று அச்சைத் தலைகீழாக மாட்டியிருந்தார். பின்சக்கரங்கள் போணக்காட்டுக்கும் முன்சக்கரங்கள் கரமனைக்கும் கிளம்பியிருந்தன. இந்த ஒரு வருஷத்தில் என்னை இவ்வளவு சரியாக வேறு யாரும் புரிந்துகொள்ளவில்லை.

"களத்தி நேரா மாட்டிரலாம் சாரே. விஷமிக்கண்டா, வருத்தப்படாதீங்க."

நேராக மாட்டினார். போணக்காடு கிளம்பிய அன்று மாமா மடிப்புக் கலையாத வேஷ்டியில், சட்டைப்பையில் ஜாதகத்தோடு ஏறிக்கொண்டார். பெண் வீடு போகிற வழிதானே என்றார். வித்துராவில் நான் நிறுத்தவில்லை.

"சரி, திரும்பி வரச்சே பார்த்துக்கலாம்."

மழையில் ஊறிய மண் ஏற்றத்தில் சக்கரம் சுழன்றது. வேன் நின்றது.

"அசையாதே! நான் தள்றேன்!" மாமா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

முன்சக்கரங்களையும் சேர்த்து ஓட்ட நேசையன் புதிதாக வைத்த சின்னக் கியரை இழுத்தேன். நாலு சக்கரமும் மண்ணைப் பிடித்தன. மாமாவின் கை படுவதற்குள் வண்டி போய்விட்டது. இல்லாத வண்டியைத் தள்ளி, அவர் சேற்றில் விழுந்தது கண்ணாடியில் தெரிந்தது.

இப்போது நடுவில் நிறுத்தலாம். நிறுத்தினாலும் மறுபடி நகரும். அதற்குத்தான் இத்தனையும். ஆனாலும் உச்சிக்குப் போய்த்தான் நிறுத்தினேன். இடதுபக்கக் கதவைத் திறந்து வைத்தேன்.

மாமா மூச்சு வாங்க வந்து ஏறினார்.

"படுபாவி, நிறுத்தியிருக்கலாமோல்லியோ?"

"நிறுத்தியிருக்கலாம் மாமா."

சட்டைப்பையிலிருந்து கைக்கு வந்த காகிதத்தை எடுத்துச் சேற்றைத் துடைத்தார். பிறகுதான் அது என்ன காகிதம் என்று பார்த்தார்.

"அவ எப்பவும் இப்படித்தான் நடந்து வருவாளா?"

"மழை பேஞ்சா மட்டும்."

மாமா கதவைச் சாத்தினார். நான் ஸ்கூலைப் பார்த்து வண்டியை எடுத்தேன்.