செக் வாங்கிய ராஜா

ராணியை வெட்டக் கொடுத்து ஜெயித்த செஸ் ஆட்டம் ஒன்று காசிமாயனிடம் இருந்தது. வேலைதான் இல்லை. மில்லில் அவன் பதிலி ஆள். ஷிப்டுக்கு எவனாவது வராமல் போனால்தான் உள்ளே கூப்பிடுவார்கள். எல்லோரும் வந்துவிட்டால் கேட்டிலிருந்து அப்படியே திருமங்கலத்துக்கு பஸ் ஏற வேண்டியதுதான். எண்பத்து மூன்றில் மதுரையில் ஒரு வங்கி, செஸ் ஆடுகிறவனுக்கென்று ஒரு கிளார்க் வேலையை ஒதுக்கியது. நேர்முகத் தேர்வுக்கு வருகிறவன் தன் ஆட்டங்களில் சிறந்த ஒன்றை அதிகாரிக்கு ஆடிக் காட்டி விளக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அந்த ஆட்டம் அவனுக்குக் கிடைத்தது.

தோற்றவர் சிவசங்கரன். கோச்சடையில் வீடு, தாலுகா ஆபீசில் உத்தியோகம். மாவட்டப் போட்டிகளில் வருஷா வருஷம் ஆடுகிறவர். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவன் டீ வாங்கித் தர வேண்டும், பிறகு இரண்டு பேரும் அதே பலகையில் ஆட்டத்தைத் திரும்ப ஆடிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆடும் செஸ் சங்கத்தின் வழக்கம். காசிமாயன் டீயோடு வடையும் வாங்கி வந்தான்.

திரும்ப ஆடும்போதும் ராணி போகும் இடம் அவனுக்கு ருசித்தது. சிவசங்கரனின் கறுப்பு ராணி சிப்பாய்களைத் தின்றுகொண்டு பலகையின் மூலைக்குப் போயிருந்தது. ராஜா நடுவிலேயே நின்றது. அதற்குக் காவல் ஒரே ஒரு குதிரை. காசிமாயன் தன் ராணியைக் கொண்டுபோய் அந்தக் குதிரையின் வாயில் வைத்தான். குதிரை வெட்டிவிட்டு ஓரத்துக்குப் போனது. அவன் யானையை நடு வரிசைக்கு நகர்த்தினான். அடுத்து யானை கடைசிக் கட்டத்தில் இறங்கினால் மேட்; அந்தக் கட்டத்துக்குத் தூரத்திலிருந்து அவனுடைய பிஷப் காவல். சிவசங்கரன் அரைமணி நேரம் பார்த்துவிட்டு ராஜாவைச் சாய்த்திருந்தார்.

இப்போது மறுபடியும் பார்த்தார். வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, குதிரையைத் திருப்பிப் பார்த்தார், சிப்பாயைத் தள்ளிப் பார்த்தார். எதை வைத்தும் மேட்டைத் தடுக்க முடியவில்லை. கடைசியில் விளையாட்டாகத்தான் ராஜாவை இரண்டு கட்டம் நகர்த்தி, மூலையில் சும்மா நின்ற யானையை அதற்கு இந்தப் பக்கம் வைத்தார். கோட்டை கட்டியாகிவிட்டது. இனி மேட் இல்லை. வெள்ளைக்கு ராணியும் இல்லை.

"அண்ணே, செக் வாங்குன ராஜா," என்றான் காசிமாயன். "எட்டாவது நகர்த்தல்லயே பிஷப்ப வச்சுச் செக் சொன்னேன்."

சிவசங்கரன் தலையாட்டினார். அவருக்கும் தெரிந்ததுதான். நாட்டுச் சதுரங்க ஆட்டத்தில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரைபோலத் தாவலாம். ஆனால் அதற்கு முன் ஒரு செக் வாங்கிவிட்டால் தாவும் பாத்தியதை போய்விடும். அந்த ஆட்டத்தில் பழகியவர்கள் இங்கிலீஷ் ஆட்டத்துக்கு வந்தபோது, தாவலை விட்டுவிட்டுச் சட்டத்தை மட்டும் கையோடு கொண்டு வந்தார்கள். செக் வாங்கிய ராஜா கோட்டை கட்டாது. மதுரையில் பாதிப்பேர் இப்படித்தான் ஆடினார்கள், ஒருவரும் ஆட்சேபித்ததில்லை.

பக்கத்து மேஜையில் முடிவுகளை எழுதிக்கொண்டிருந்த நடுவர் சாம்பசிவம், பசுமலையில் வாத்தியார், நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு சட்டமே இல்லை என்றார். ராஜாவும் அந்த யானையும் நகராமல் இருக்க வேண்டும். கட்டும் நேரத்தில் செக் இருக்கக் கூடாது. ராஜா கடக்கிற கட்டமும் போய் நிற்கிற கட்டமும் எதிரி காய் வெட்டக்கூடியதாக இருக்கக் கூடாது. முன்னே எத்தனை செக் வாங்கியிருந்தாலும் ஒன்றும் இல்லை. பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்தும் காட்டினார். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று சிவசங்கரன் கேட்டதற்கு, ஆடுகிறவன் கேட்காமல் நடுவர் சொல்லக் கூடாது, அதுவும் சட்டம் என்றார். சாய்த்த ராஜா சாய்த்ததுதான்.

சிவசங்கரன் மீதி வடையை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார்.

"ராணியக் கொடுத்தியே, எனக்கா கொடுத்த? என் அறியாமைக்குல்ல கொடுத்திருக்க."

"எனக்கும் தெரியாதுல்லண்ணே."

"அப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்க. செவ்வாக்கிழமை இதக் கொண்டு போகாத காசி. செஸ் தெரிஞ்ச அதிகாரின்னா பாத்த ஒடனே பிடிச்சிருவான்."

காசிமாயனிடம் வேறு ஆட்டம் இல்லை. இருந்தவை எல்லாம் ஒரு சிப்பாயை மிச்சம் பிடித்து இழுத்து இழுத்து ஜெயித்தவை, பார்க்கிறவன் தூங்கிவிடுவான். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஒரு முடிவுக்கு வந்தான். அதிகாரி பிடிப்பதற்கு முன்னால் ஓட்டையைத் தானே காட்டிவிடுவது. தன் ஆட்டத்தின் தப்பைத் தானே கண்டுபிடித்தவன் என்ற பெயராவது மிஞ்சும்.

வங்கியில் மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் மேனேஜர், செஸ் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மற்றவர் நல்லகாமன், வங்கி செஸ் அணியின் கேப்டன், செக்கானூரணிப் பக்கத்துக்காரர். ராணி குதிரையின் வாய்க்குப் போனதும் நல்லகாமன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். யானை நடு வரிசைக்கு வந்ததும் மேனேஜர் பக்கம் திரும்பி, முடிந்தது சார், கறுப்புக்கு வழியே இல்லை என்றார்.

"ஒரு வழி இருக்கு சார்," என்றான் காசிமாயன். ராஜாவை நகர்த்தி, யானையை எடுத்து வைத்தான். "இங்க கோட்டை கட்டிரலாம். கட்டியிருந்தா நான் தோத்திருப்பேன்."

நல்லகாமன் இரண்டு காயையும் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

"செக் வாங்குன ராஜா எப்படிப்பா கட்டும்? எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குத் தெரியும்."

மேனேஜர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார், "இவருக்கு ரூலே தெரியாதா?"

நல்லகாமன் காசிமாயனைப் பார்த்தார். சாம்பசிவம் படித்துக் காட்டிய வரி அவனுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. சொன்னால் புத்தகம் கேட்பார்கள். புத்தகம் வந்தால் தப்பு யாருடையது என்று மேனேஜருக்கும் தெரிந்துவிடும். வெளியே பெஞ்சில் இன்னும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"மறந்துட்டேன் சார்," என்றான். "கட்ட முடியாது."

"அப்ப ராணியக் கொடுத்தது?"

"சரியான ஆட்டம் சார்."

நல்லகாமன் சிரித்து, பதற்றத்தில் உளறிவிட்டான், பையன் நன்றாக ஆடுகிறான் என்று மேனேஜரிடம் சொன்னார். அந்த மாதக் கடைசியில் வேலை உத்தரவு வந்தது. சங்கத்துக்குப் போய் டீ வாங்கிக் கொடுத்தபோது, அதிகாரி கோட்டை கட்டுவதைப் பற்றிக் கேட்டாரா என்று சிவசங்கரன் விசாரித்தார். காசிமாயன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

"புத்தகத்தக் காட்டியிருக்கலாம்ல?" என்றார் அவர்.

"காட்டியிருந்தா இந்த டீய நீங்கதான் வாங்கிக் கொடுத்திருக்கணும்," என்றான் காசிமாயன். பலகையில் காய்களை அடுக்கி, கறுப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தான்.