இறங்காத பந்துகள்

நத்தை என்று எல்லோரும் கூப்பிட்ட பத்து வயதுச் சிறுமி போட்ட சுழற்பந்து ஒன்று, பாதி வழியில், இரண்டு ஆள் உயரத்தில் நின்றுவிட்டது. பதினோரு மாதம் கழித்துத்தான் இறங்கியது. தப்பு யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவளுக்குப் பயிற்சி கொடுத்தவள் அவளுடைய சித்தி, வாரநாட்களில் மின்விசிறி பழுது பார்ப்பவள். "வேகத்தை விடுடி. காத்துல தூக்கிப் போடு. அவசரமே இல்ல, மெதுவா இறங்கட்டும்" என்று அவள்தான் சொன்னாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. மணிக்கட்டைத் திருப்பி, வாய்விட்டுச் சிரித்தபடி விட்டாள். பந்து மேலேயே நின்று, தையல் தெரியாத வேகத்தில் உர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. சித்தி ஏணி வைத்து ஏறித் தொட்டுப் பார்த்தாள். ஒரு நகம் போனதுதான் மிச்சம்.

அதன்பிறகு நத்தை சிரித்துக்கொண்டு போட்ட பந்தெல்லாம் மேலே நின்றது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போட்டவை ஒழுங்காக இறங்கின, ஆனால் துளிகூடத் திரும்பவில்லை. கூடப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் ஒரு வாரம் அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். ஏழு பந்துகள் சேர்ந்திருந்தபோது, ஒரு புதன்கிழமை மதியம், முதல் பந்து சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி, தரையில் பட்டுத் திரும்பி, மட்டை பிடிப்பவர் நிற்கும் கோட்டில் முழங்கால் ஆழத்துக்குக் குழி பறித்தது. அப்போது அங்கே யாரும் நிற்கவில்லை. அந்த 'அப்போது'தான் சித்தியை விடவில்லை. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பெற்றோர்கள் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பயிற்சியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நத்தையின் அம்மா சித்தியின் மின்விசிறிப் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"இவ விளையாடிக் கிழிச்சது போதும். நாளைக்கு ஒரு பிள்ளை தலையில விழுந்தா நீயா பதில் சொல்லுவ?"

அன்றோடு நத்தை பந்தைத் தொடுவதை விட்டாள். கொஞ்ச நாளில் வீட்டிலும் சிரிப்பதை விட்டாள். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கைகளைப் பார்த்தபோது சித்திக்குக் குழியைப் பார்த்ததைவிட அதிகம் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நத்தையை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மட்டையுடன் ஆறு பந்துகளுக்கு எதிரே போய் நின்றாள்.

"போடு."

"விழுந்துட்டா சித்தி?"

"விழட்டும். நான் சொல்லிக்குடுத்ததுதானே."

"உனக்குப் பயமா இல்லையா?"

"கால் ரெண்டும் உதறுது, பாக்கலியா? பேசாம போடு."

நத்தை பார்த்தாள். உண்மையிலேயே உதறிக்கொண்டிருந்தன, அதுவும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பந்தும் மேலேயே நின்றுவிட்டது.

இப்போது அங்கே முப்பத்திரண்டு நிற்கின்றன. பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பயிற்சி மைதானத்தின் மறுகோடியில், சனி ஞாயிறு காலை ஏழு மணிக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மூன்று பந்துகள் இறங்கியிருக்கின்றன, ஒன்று மட்டையில் பாதியைக் கொண்டுபோயிற்று. நத்தை போடும்போது எதிரே நிற்க எந்தப் பிள்ளையையும் சித்தி விடுவதில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கால் உதற, அவளே போய் நிற்கிறாள்.