ஜெனித்துக்கு இரும்பு கொடுத்தவர்கள்

சனிக்கிழமை மதியம் ஆரம்ப சுகாதார நிலையத்தில், டாக்டர் அறையில் கூடியிருந்தவர்களும் அவர்கள் இருந்த இடமும் வருமாறு. டாக்டர் நந்தனா, மேஜைக்குப் பின்னால், தன் நாற்காலியில். எங்கள் ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர் குமாரதாஸ், நோயாளிகளுக்கான சுழல் ஸ்டூலில். அது அவரைக் கேளாமலேயே இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. பொருளாளர் செல்லக்கனி அக்கா, பரிசோதனைக் கட்டிலில், கால் தரையில் எட்டாமல். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ராஜகுமார், உட்காரச் சொல்லியும் உட்காராமல், எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல் விறைப்பாக. தலைவரின் தங்கை மகன் டெனிஷ், ஜன்னலோரம், சட்டைப் பையில் டிரைவிங் லைசென்சு வெளியே தெரியும்படி. சங்கத்தில் பால் எடை போடும் பிரீனா, கைகழுவும் தொட்டியருகே. செயலாளராகிய நான், மருந்து அலமாரியை ஒட்டி. நோயாளி ஜெனித்துக்கு இடம் மிஞ்சவில்லை. வலது கையில் கட்டோடு அவன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

கூடியதன் காரணம் ஒரு வண்டி. தோட்டம் தோட்டமாகப் போய் ரப்பர் பால் சேகரிக்க எங்கள் சங்கத்துக்கு மானியத்தில் ஒரு புது வண்டி கிடைத்திருந்தது. அதை ஓட்டப்போகிறவரின் பெயரை நாகர்கோவில் அலுவலகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். பொதுக்குழு ஜெனித்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. விடியுமுன் எழுந்து ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டே, கனரக வண்டி ஓட்டப் படித்து, பேட்ஜும் வாங்கி வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அவன் பெயரை அறிவித்துச் சாவியைக் கொடுக்க, போன ஞாயிற்றுக்கிழமை ஒரு விழா வைத்தோம். அந்த விழாவில், தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஜெனித்துக்கு வலிப்பு வந்துவிட்டது.

வலிப்புக்காரனிடம் வண்டியைக் கொடுக்க முடியுமா? இதில் சங்கத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அடுத்த பெயர் டெனிஷ் என்பதிலும், தலைவருக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. 'மேற்படி ஜெனித் வலிப்பு நோயாளி' என்று ஒரு வரி எழுதித் தருமாறு டாக்டருக்கு மனு அனுப்பினோம். பார்த்தவர்கள் எல்லோரும் நேரில் வரவேண்டும், இந்த நோயில் பார்த்தவர் சொல்வதுதான் பாதிப் பரிசோதனை என்று பதில் வந்தது. படித்த பெண், நம் அருமை தெரிந்திருக்கிறது என்று தலைவர் பாராட்டினார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

டாக்டர் முதலில் செல்லக்கனி அக்காவைக் கேட்டார்.

“நான்தான் டாக்டரே அவனைக் காப்பாத்துனது,” என்றார் அக்கா. “வலிப்புக்கு இரும்புதானே மருந்து. சாவி குடுங்க, சாவி குடுங்கன்னு தொண்டை கிழியக் கேட்டேன். சாவி இருந்தது தலைவருக்க பாக்கெட்டுல.”

“அது வண்டிக்க சாவி,” என்றார் தலைவர். “அதைக் குடுக்கதுக்கு ஒரு நேரம் உண்டு. பேச்சுக்க கடைசியில குடுக்கணும்னு நிகழ்ச்சி நிரல்ல இருக்கு.”

“பின்னே நான் என்ன செய்ய? சிறந்த பால்வெட்டுக்குப் பரிசு குடுக்க மேஜையில புதுக் கத்தி வச்சிருந்தோம். அதை எடுத்து அவனுக்க கையில வச்சு, நல்லா இறுக்கிப் பொத்திப் பிடிச்சேன்.”

ரப்பர் மரத்தின் பட்டையை நூல் பிசகாமல் சீவுவதற்காகவே தீட்டிய கத்தி அது. ஜெனித்தின் உள்ளங்கையையும் நூல் பிசகாமல்தான் சீவியிருந்தது.

“அப்போ அவனுக்க முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது அக்கா? கண்ணு திறந்திருந்ததா?”

“முகமா? நான் கத்திய உறையில இருந்து உருவிட்டு இருந்தேன்லா.”

டாக்டர் எடை இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். ராஜகுமார் அதற்காகவே காத்திருந்தவர்போல் ஒருமுறை தொண்டையைச் சரிசெய்தார்.

“பட்டாளத்துல ஒருத்தன் விழுந்தா நாங்க தரையில கெடக்க விடமாட்டோம் மேடம். பின்னால போயி, கக்கத்துல கையக் குடுத்துத் தூக்கி, நேரா நிமித்திப் பிடிச்சேன். கடைசி வரைக்கும் சாய விடல்ல.”

“கண்ணு மேல போயிருந்ததா, ஒரு பக்கமா இழுத்துச்சா?”

“பின்னால நிக்கிறவனுக்குக் கண்ணு எப்படி மேடம் தெரியும்?”

டெனிஷைக் கேட்டபோது, ஃபிட்ஸ் என்று முதலில் சொன்னது தான்தான் என்றான்.

“எதைப் பாத்துச் சொன்னே?”

“எல்லாரும் இரும்பு தேடி ஓடுனதைப் பாத்து.”

தலைவர் தன் முறை வருமுன்பே, தான் மக்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததாகவும், பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துக்கொண்டு பேசுவது மேடை மரபு அல்ல என்றும் சொல்லிவிட்டார். நானும் அப்போது உரையின் சுருக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். ஆக, வலிப்பைப் பார்த்தவர்கள் என்று அழைக்கப்பட்டு வந்திருந்த அத்தனை பேரும் இரும்பைப் பார்த்திருந்தோம், முதுகைப் பார்த்திருந்தோம், மக்களைப் பார்த்திருந்தோம். ஜெனித்தைப் பார்த்தவர் எவருமில்லை.

“சரி,” என்றார் டாக்டர். “ஜெனித், நீ உள்ள வா. உனக்கு என்ன தெரிஞ்சது?”

ஒரு வாரமாக ஊரே அந்த வலிப்பைப் பற்றிப் பேசியிருந்தது. அவனிடம் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“மூணு மணிக்குப் பால்வெட்டப் போனேன் டாக்டரே. முடிச்சு, பால் எடுத்து, குளிச்சிட்டு நேரா விழாவுக்கு வந்தேன். விழா முடிஞ்சு பிரியாணி உண்டுன்னு சொன்னதுனால ஒண்ணும் தின்னல்ல. மேல தகரக் கூரை. தலைவருக்குப் பக்கத்துல ஆடாம அனங்காம நிக்கச் சொன்னாவ. கொஞ்ச நேரத்துல வேர்த்து ஊத்திச்சு. கொட்டாவி வந்துது. பின்ன காது அடைச்சு, கண்ணு இருட்டிச்சு. தலைவர் பேசுறது குளத்துக்க அடியில கெடந்து கேக்குற மாதிரி இருந்துது.”

“எந்த இடத்துல?” என்றார் தலைவர்.

“என்னது?”

“பேச்சுல, எந்த இடத்துல?”

“ரப்பர் வெலையப் பத்திச் சொன்னீங்கல்லா. ரெண்டாவது தடவை.”

டாக்டர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். நாக்கைக் கடித்ததுண்டா, சிறுநீர் போனதுண்டா, முன்பு இப்படி வந்ததுண்டா, வீட்டில் யாராவது சின்ன வயசில் திடீரென்று இறந்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். முழிப்பு வந்ததும் முதலில் என்ன பேசினான் என்று எங்களைக் கேட்டார்.

“நன்றி கெட்டவன் டாக்டரே,” என்றார் செல்லக்கனி அக்கா. “கண்ணு முழிச்ச உடனே, எனக்க கைய எவன்லே கிழிச்சதுன்னு கேட்டான்.”

“உடனேயா?”

“அந்த நிமிசமே.”

அப்போதுதான் பிரீனா தொட்டியருகிலிருந்து வாய் திறந்தாள். “எங்கிட்ட வீடியோ இருக்கு மேடம். தலைவருக்க பேச்சைத் துபாயில இருக்க மவனுக்கு அனுப்பணும்னு எடுக்கச் சொன்னாவ. நிறுத்தணும்னு யாரும் சொல்லாததுனால நான் நிறுத்தல்ல.”

“இம்புட்டு நாளு ஏம்ட்டி சொல்லல்ல?” என்றார் அக்கா.

“யாரு கேட்டா?”

மேஜையில் போனைச் சாய்த்து வைத்து எல்லோரும் சுற்றி நின்றோம். தலைவர் நடுவில் நிறைந்திருந்தார். அவருடைய வலது தோளுக்குப் பின்னால் பாதி ஜெனித் தெரிந்தான். முகம் வெளுக்கிறது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைக்கிறான். கொட்டாவி விடுகிறான். மேஜையைப் பிடிக்கக் கை நீட்டி, தலைவரின் சொற்பொழிவுக் காகிதத்தில் கைபட்டதும் மரியாதைக்கு இழுத்துக்கொள்கிறான். பிறகு முழங்கால் மடிந்து, நனைந்த துணி கொடியிலிருந்து நழுவுவதுபோல் இறங்குகிறான். அசைவே இல்லை. ராஜகுமார் பாய்ந்து அவனைத் தூக்கி நிமிர்த்துகிறார். அதற்குப் பிறகுதான் கைகால் வெட்டத் தொடங்குகிறது. அதற்கும் பிறகு அக்கா கத்தியோடு வருகிறார். அவனை ஆட்டோவில் ஏற்றுகிறார்கள். தலைவர் காகிதத்தைச் சரிசெய்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். உரை எப்போது முடிந்தது என்பதற்கு ஆதாரமில்லை. அதற்குள் பிரீனாவின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

டாக்டர் அதை மூன்று முறை பார்த்தார். தலைவர் முதல் பகுதியை நான்காவது முறையும் பார்க்க விரும்பினார்.

“இது வலிப்பு நோய் இல்ல,” என்றார் டாக்டர். “வெறும் வயிறு, வெக்கை, ரொம்ப நேரம் அனங்காம நின்னது. ரத்தம் எல்லாம் காலுக்கு இறங்கிடும், மூளைக்குப் போறது குறையும், ஆளு விழுவான். விழுந்ததே நல்லதுதான், படுத்தா ரத்தம் தானா தலைக்கு ஏறும். அப்படியே படுக்க வச்சு காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சிருந்தா சீக்கிரமே எழும்பி உக்காந்திருப்பான். நீங்க நேரா நிமித்திப் பிடிச்சதுனால ரத்தம் ஏறல்ல, கைகால் வெட்டிச்சு. பாக்கதுக்கு வலிப்பு மாதிரியே இருக்கும். நிஜ வலிப்புன்னா முழிச்ச உடனே இப்படித் தெளிவா சண்டைக்கு வரமாட்டான், கொஞ்ச நேரம் ஆளு தெரியாம குழம்புவான்.”

ராஜகுமார் எடை இயந்திரத்திலிருந்து இறங்கினார்.

“அப்போ இரும்பு?” என்றார் அக்கா.

“நிஜ வலிப்பே வந்தாலும் இரும்பு வேண்டாம் அக்கா. கையிலயும் ஒண்ணும் வேண்டாம், வாயிலயும் ஒண்ணும் வேண்டாம். ஒரு பக்கமா ஒருச்சாச்சுப் படுக்க வச்சு, எம்புட்டு நேரம் வருதுன்னு பாருங்க. அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. முக்கியமா, ஆளைப் பாருங்க.”

டெனிஷ் ஜன்னலோரத்திலிருந்து ஒரு சந்தேகம் எழுப்பினான். அன்றிலிருந்து ஜெனித் ரோட்டில் தள்ளாடித்தானே நடக்கிறான்? அது நோய் இல்லாமல் வேறென்ன? டாக்டர் ஜெனித்திடம் ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டார். அவன் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வைத்தான். வலிப்பு மாத்திரை. தலைவர் அக்கறையோடு மருந்துக்கடைக்குப் போன் செய்து வாங்கிக் கொடுத்தது. ஒன்று போதும் என்று கடைக்காரர் சொன்னதற்கு, ரெண்டாகவே போடட்டும் என்றதும் அவரே. டாக்டர் அட்டையைத் தன் மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார். தள்ளாட்டத்துக்கு விளக்கம் அதோடு முடிந்தது.

படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். காலையில் எடுத்த இசிஜியை மறுபடி விரித்துப் பார்த்தார். கோளாறு இல்லை. கைப்புண் ஆறியதும் வண்டி ஓட்டலாம். மறுபடி மயங்கினால், அதுவும் உட்கார்ந்திருக்கும்போது வந்தால், சாவியை வைத்துவிட்டு நேரே இங்கே வரவேண்டும்.

தலைவர் ஸ்டூலை ஒருவழியாக நேராகத் திருப்பிக்கொண்டார். “அப்படின்னா எனக்க பேச்சுனாலதான் விழுந்தான்னு சொல்லுதியளா?”

“பேச்சு மட்டும்னு சொல்லமாட்டேன்.”

“எதுக்கும் ஒரு வருசம் டெனிஷ் ஓட்டட்டும். ஜெனித் ஓய்வெடுக்கட்டும். அவன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

ஜெனித் கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு முன்னால் வந்தான். “தலைவரே, இந்த ஒரு வாரத்துல ரெண்டு தோட்டக்காரங்க மரத்துக்கு வராண்டாம்னு சொல்லிட்டாவ. கத்தியோட நிக்கும்ப வலிப்பு வந்தா யாரு பதில் சொல்லுகதுன்னு கேக்காவ. வண்டியும் இல்ல, மரமும் இல்லன்னா நான் எங்க போவேன்? டெனிஷ் ஓட்டட்டும். ஆனா வலிப்புன்னு எழுதாண்டாம். ஆளை மாத்துன காரணத்துக்கு, 'டெனிஷ் எனக்க தங்கச்சி மவன்'னு நீங்களே எழுதுங்க.”

ஸ்டூல் கிறீச்சிட்டு மறுபடி இடது பக்கம் திரும்பியது. பொதுக்குழு முடிவை மாற்றினால் காரணம் எழுதியாக வேண்டும் என்பதை நான் நினைவூட்டினேன். அது என் வேலை.

தலைவர் யோசித்தார். உடல்நலக் காரணம் என்றால் டாக்டரின் சான்றிதழ் கூடவே போகும். நடத்தை என்றால், அவன் நடத்தையைப் போன ஞாயிற்றுக்கிழமை அவரே மைக்கில் புகழ்ந்திருக்கிறார். அதற்கு வீடியோ இருக்கிறது. மீதி இருந்தது ஜெனித் சொன்ன காரணம் ஒன்றுதான். அது உண்மையாகவும் இருந்ததால் எழுதுவதற்கு உதவாது. டெனிஷ் ஜன்னல் வழியாக வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எழுதும் ஓய்,” என்றார் தலைவர் என்னிடம். “ஜெனித்துன்னே எழுதும்.”

டாக்டர் தன் சான்றிதழை எழுதினார்: வலிப்பு நோய் இல்லை, வெப்பமான இடத்தில், வெறும் வயிற்றில், நீண்ட நேரம் நின்றதால் வந்த மயக்கம், வண்டி ஓட்டத் தடையில்லை. 'நீண்ட நேரம்' என்பதை மட்டும் எடுத்துவிடலாமா என்று தலைவர் கேட்டார். அது தன் கடிதம் என்றார் டாக்டர். அப்படியானால் சங்கத்தின் கடிதம் தன் கடிதம் என்று சொல்லி, 'சங்க நிர்வாகிகளின் உடனடி முதலுதவியால் நலம்பெற்ற' என்ற அடைமொழியை ஜெனித்தின் பெயருக்கு முன்னால் சேர்க்கச் சொன்னார். நான் ஜெனித்தைப் பார்த்தேன்.

“எழுதுங்க சாரே,” என்றான். “வலிப்பு இல்லன்னு கீழ டாக்டருக்க தாளுல இருக்குல்லா?”

“இருக்கு.”

“அப்போ மேல என்ன வேணும்னாலும் இருக்கட்டும்.”

தலைவர் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டார். இரண்டு தாளையும் மடித்து உறையில் போட்டேன். ஆஸ்பத்திரிப் பசை டப்பாவில் பசை காய்ந்து கல்லாகிக் கிடந்தது. நர்ஸ் கட்டுப்போடும் பிளாஸ்டரில் ஒரு துண்டைக் கிழித்துத் தந்தார். உறையின் வாயில் அதை ஒட்டி, மேலே பெருவிரலால் இரண்டு தடவை தேய்த்தேன். குலசேகரம் தபாலாபீசில் ஸ்பீடு போஸ்ட் வாங்குவதை நிறுத்துமுன் போய்ச் சேர வேண்டும் என்பதால் பிரீனா அதைக் கையிலிருந்து பறிக்காத குறையாக வாங்கி, ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.